தள்ளுபடி ஆயிட்டு

டொக், டொக். கொஞ்சம் மூச்சு வாங்கி, இன்னொரு டொக்.

கண்ணைத் திறக்கும் முன்பே தெரிந்துவிட்டது, இது கோர்ட்டு ஆள் இல்லை. கோர்ட்டு ஆள் உள்ளங்கையால் அறைவார். தபால்காரர் மணியடிப்பதோடு சரி, கதவைத் தொடமாட்டார். குழு லோன் வசூலுக்கு வருகிற பிள்ளை தட்டவே தட்டாது. தெருவில் நின்றே ‘யக்கா, யக்கா’ என்று உயிரை எடுக்கும். விரலை மடக்கி, தட்டலாமா கூடாதா என்று யோசித்துக்கொண்டே தட்டுகிறவர்கள் ஒரே வகைதான். வீடு பார்க்க வருகிறவர்கள். இந்த வாரத்தில் நீங்கள் மூன்றாவது.

வாங்க சார். செருப்பு அங்கேயே கிடக்கட்டும், யாரும் எடுக்கமாட்டார்கள். கூச்சப்படாதீங்க. பேப்பரில் ஏல அறிவிப்பைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள், அவ்வளவுதானே? மூன்றாம் பக்கம், கீழே, இடது மூலை. ‘பிரதிவாதி பலவேசம்’ என்று போட்டிருக்கும். அந்தப் பலவேசம் நான்தான்.

போர்டைப் பார்த்துத்தான் தயங்கினீர்களா? ‘இரவுப் பணி. பகலில் உறங்குகிறேன். தயவுசெய்து தட்டாதீர்.’ நானே தகரத்தில் பெயிண்டு வைத்து எழுதினது. ‘தட்டாதீங்க’ என்று எழுதியிருக்கலாம். ‘தட்டாதீர்’ என்பதில் ஒரு மரியாதை இருக்கிறது பாருங்க. அந்தப் போர்டினால் வந்த வினையையும் சொல்கிறேன். உட்காருங்க. அந்த நாற்காலி ஆடும், இதில் உட்காருங்க.

மற்ற இரண்டு பேரும் வந்தார்கள், சுவரைக் கொட்டிப் பார்த்தார்கள், கக்கூஸைத் திறந்து பார்த்தார்கள், போய்விட்டார்கள். ஒருத்தராவது என்ன ஏது என்று கேட்கவேண்டுமே? கோர்ட்டு ஏலத்துக்கு வருகிற வீட்டுக்கு ஒரு கதை இருக்கும் சார். அது தெரியாமல் எடுத்தால் நாளைக்கு எவனாவது உங்களிடம் ‘அந்த வீட்டில் ஏதோ தோஷம்’ என்பான். தோஷமும் இல்லை, ஒன்றும் இல்லை. இது ஒரு வார்த்தையால் போகிற வீடு. ஒரே ஒரு வார்த்தை.

எனக்குப் பத்திரிகை ஆபீஸில் வேலை. பயந்துவிடாதீங்க, நிருபர் இல்லை. கட்டுப் போடுகிறவன். மிஷினில் இருந்து வருகிற பேப்பரை எண்ணி, தென்காசிக்கு இத்தனை, அம்பாசமுத்திரத்துக்கு இத்தனை என்று சணல் போட்டு இறுக்கி வேனில் ஏற்றவேண்டும். இருபத்தாறு வருஷம் ஆகிறது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். மிச்சப் படிப்பு பூராவும் அந்தக் கட்டிலேயே படித்ததுதான். ஊர் எழுந்து பல் விளக்குவதற்கு முன்னால் நான் ஒரு வரி விடாமல் முடித்திருப்பேன், டெண்டர் நோட்டீஸ் உட்பட. இந்தத் தெருவில் யாருக்கு என்ன காகிதம் வந்தாலும் ‘பலவேசம் அண்ணன்ட்ட காட்டு’ என்பார்கள். காட்டினார்கள். இப்போது காட்டுவதில்லை.

மேலே பாருங்க. தளம். ஒரு விரிசல் கிடையாது, ஒழுகல் கிடையாது. கடன் இந்தத் தளத்துக்காக வாங்கினதுதான். முன்னால் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு. அதன்மேல் காக்கா நடந்தால் எனக்கு முழிப்பு வந்துவிடும். மழை பெய்தால் கேட்கவே வேண்டாம். பகலில் தூங்குகிறவனுக்கு வேறு என்ன ஆசை இருக்கும் சார்? சத்தம் இல்லாத ஒரு கூரை. அவ்வளவுதான் கேட்டேன்.

சிமெண்டுக் கடை தவசிக்கண்ணு அண்ணாச்சி கொடுத்தார். சாமான் பாதி, கையில் பாதி, மொத்தம் இரண்டு லட்சத்துக்குப் புரோநோட்டு. நான் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். அதில் ‘டி’க்குப் பதிலாக ‘ட’ என்று ஒரு பிழை இருந்தது, அதைக்கூட அவரிடம் சொல்லித் திருத்தவைத்தேன். ‘வேய், நீரு கடன் வாங்க வந்தீரா, பிழை பாக்க வந்தீரா?’ என்று சிரித்தார். மூன்று வருஷம் வட்டி ஒரு மாசம் தப்பவில்லை. பிறகு ஆபீஸில் ஓவர்டைமை நிறுத்திவிட்டார்கள். ஜனங்கள் பேப்பர் வாங்குவது குறைந்துவிட்டது. என் கையிலேயே தெரிந்தது அது. தென்காசிக் கட்டு வருஷா வருஷம் மெலிந்துகொண்டே வந்தது. வட்டி நின்றது. அண்ணாச்சி நாலு தடவை ஆள் அனுப்பினார். ஐந்தாம் தடவை கோர்ட்டு ஆள் வந்தார்.

கோர்ட்டில் இருந்து வருகிற அமீனா. அவர் வந்த நேரம் பகல் பன்னிரண்டு. எனக்கு அது நடுச்சாமம். உலகம்மாள் பீடிக் கம்பெனிக்கு இலை வாங்கப் போயிருந்தாள். உலகம்மாள் என் வீட்டுக்காரி. உள்ளே ஒரு கத்திரிச் சத்தம் கேட்கிறது பாருங்க, அவள்தான், இலை வெட்டுகிறாள். நாம் பேசுவது அவளுக்குக் கேட்கும். கேட்கட்டும்.

அமீனா தட்டியிருக்கிறார். நான் தூக்கம். சம்மனைக் கதவில் ஒட்டிவிட்டு ஒரு குறிப்பு எழுதினாராம்: ‘வீட்டில் ஆள் இருந்தும் கதவு திறக்கப்படவில்லை.’ ஆள் இருப்பது அவருக்கு எப்படித் தெரிந்தது? என் போர்டைப் படித்துத்தான்! ‘பகலில் உறங்குகிறேன்’ என்று நானே எழுதி மாட்டியிருக்கிறேனே.

சரி. சம்மனை நான் படிக்காமல் இல்லை. மூன்று தடவை படித்தேன். இன்ன தேதி, காலை பத்தரை மணிக்கு ஆஜராகித் தங்கள் பதிலைத் தாக்கல் செய்யவேண்டியது. பதில்தானே? எழுதினேன். நாலு பக்கம். ‘கனம் முன்சீப் நீதிபதி அவர்கள் சமூகத்துக்கு’ என்று தொடங்கி, ‘கடனைக் கொடுக்கமாட்டேன் என்று கூறுபவன் அல்லேன், காலம் கோருபவன்’ என்று ஒரு வரி. அந்த வரி எனக்கே பிடித்திருந்தது சார். ரிஜிஸ்டர் தபாலில், ஒப்புகை அட்டை வைத்து அனுப்பினேன்.

“நேர்ல வரச் சொல்லித்தான போட்டிருக்கு?” என்றாள் உலகம்மாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. நான் வாசித்துக் காட்டினதில் அந்த ‘ஆஜராகி’யைப் பிடித்துக்கொண்டாள்.

“எழுத்துல குடுத்தாச்சுன்னா அதுக்கு மேல என்னட்டி? வாயால சொல்லுதது காத்துல போயிரும்” என்றேன்.

எட்டாம் நாள் ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. கோர்ட்டு வட்ட முத்திரையோடு. அதை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன், வேண்டுமானால் காட்டுகிறேன். முத்திரை குத்தி வாங்கியிருக்கிறார்கள், ஆகவே பதில் ஏற்கப்பட்டது. இதில் என்ன தப்பு? நீங்களே சொல்லுங்க.

இரண்டு மாசம் கழித்து அண்ணாச்சியே கடைவாசலில் கூப்பிட்டுச் சொன்னார். “பலவேசம், தீர்ப்பு ஆயிட்டு தெரியும்லா? நீரு வரல, ஒருதலையா ஆயிட்டு.”

“வரலையா? நாலு பக்கம் எழுதியிருக்கேன் அண்ணாச்சி.”

“எழுதுனீரா? கோர்ட்டுக்கா?” கடையில் சிமெண்டு ஏற்ற வந்தவன் எல்லாம் திரும்பிப் பார்த்தான். “கோர்ட்டு என்ன, வாசகர் கடிதம் பகுதியாவே?”

சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்ய?

அப்புறம்தான் வக்கீல். வக்கீலை நான் பார்த்தது மொத்தம் மூன்றே தடவை. எல்லாம் குமாஸ்தா சங்கரபாண்டிதான். அந்த ஒருதலைத் தீர்ப்பை ரத்து பண்ணுங்கள், எங்கள் பக்கத்தையும் கேளுங்கள் என்று ஒரு மனு போட்டார்கள். ஃபீஸில் பாதி கொடுத்தேன், பாதி பாக்கி. மனு நாலைந்து வாய்தா போயிற்று. ஒவ்வொரு வாய்தாவுக்கும் நான் ராத்திரி வேலை முடிந்து, வீட்டுக்கு வராமல், கையில் மசியோடு நேரே கோர்ட்டுக்குப் போய் உட்காருவேன். இந்தத் தடவை ‘ஆள் வரவில்லை’ என்று எவனும் எழுதிவிடக் கூடாது பாருங்க.

அந்தக் கடைசி வாய்தா அன்றும் போனேன். கோர்ட்டுக்குள் கடைசி பெஞ்சு. மேலே ஒரு மின்விசிறி, ஒரே சீராக. இரண்டு நாள் தூக்கம் பாக்கி. கூப்பிட்டார்கள், வக்கீல் ஏதோ பேசினார், இங்கிலீஷில். அவ்வளவுதான் எனக்கு ஞாபகம். தோளைப் பிடித்து யாரோ உலுக்குகிறார்கள். பார்த்தால் சங்கரபாண்டி, கக்கத்தில் பத்துக் கட்டு, வாயில் ஒரு பேனா.

“வேய் பலவேசம், தள்ளுபடி ஆயிட்டு. சாயங்காலம் வந்து வக்கீலப் பாரும்.”

சொல்லிவிட்டு அடுத்த கோர்ட்டுக்கு ஓடிவிட்டார்.

தள்ளுபடி.

சார், அந்த வருஷம் பேப்பரில் எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் அந்த வார்த்தைதான். பயிர்க்கடன் தள்ளுபடி, நகைக்கடன் தள்ளுபடி, ஆடித் தள்ளுபடி. முதல் பக்கத்தில், கொட்டை எழுத்தில். என் உள்ளங்கை மசியில் அந்த வார்த்தை தலைகீழாக ஒட்டியிருக்கும். ‘ஜாமீன் மனு தள்ளுபடி’ என்றும் போடுவார்கள். அது ஆறாம் பக்கம், சின்ன எழுத்து. எனக்குத் தெரியாததா? தெரியும். எவ்வளவோ தடவை படித்திருக்கிறேன். ஆனால் தூக்கத்தில் உலுக்கி எழுப்பினவனுக்கு முதல் பக்கம்தான் ஞாபகத்துக்கு வரும், ஆறாம் பக்கம் வராது. இது மனுஷ இயற்கை.

எழுந்து, நீதிபதி இருந்த திசைக்கு ஒரு கும்பிடு போட்டேன். அவர் பார்க்கவில்லை. வாசலில் நின்று பெயர் கூப்பிடுகிற டவாலிக்கு இருபது ரூபாய் கொடுத்தேன். ‘எதுக்குவே?’ என்றார். ‘சந்தோஷம்’ என்றேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கி அரைக் கிலோ அல்வா வாங்கினேன், சூடாக, நெய் வாழையிலையைத் தாண்டிப் பேப்பரில் ஊறிற்று.

சாயங்காலம் வக்கீலைப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். கேஸ் முடிந்தபிறகு வக்கீல் எதற்குக் கூப்பிடுவார்? மீதி ஃபீஸுக்குத்தான். சம்பளம் வந்ததும் போகலாம் என்று இருந்துவிட்டேன். அது பெரிய விஷயம் இல்லை, விடுங்க.

வீட்டுக்கு வந்து சொன்னேன். உலகம்மாள் பீடி முறத்தை மடியில் இருந்து இறக்கவில்லை.

“தள்ளுபடி ஆனது கடனா, மனுவா?”

அப்படியே கேட்டாள் சார். அந்த நாலு வார்த்தை.

“ரெண்டும் ஒண்ணுதாம்ட்டி. மனுவுல என்ன எழுதியிருக்கு? கடனப் பத்தித்தான எழுதியிருக்கு?” என்றேன்.

“மனுவத் தள்ளிட்டா கடன் நிக்கும்லா?”

“பேப்பர் படிக்கிறது நீயா, நானா?”

அவள் இலைக் கையைத் துடைத்துக்கொண்டாள். அல்வாவில் ஒரு வில்லை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். நான் குளித்து, வெள்ளைச்சட்டை போட்டு, மீதி அல்வாவில் பாதியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு தவசிக்கண்ணு அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். பாவம், இரண்டு லட்சம் போனவர். எனக்கு மனசு கேட்கவில்லை. ஜெயித்தவன் தோற்றவனைப் போய்ப் பார்க்கவேண்டும், அதுதான் முறை.

அண்ணாச்சி கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். பொட்டலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“என்னவே, எனக்கே அல்வா குடுக்கீரா?”

“அப்படி எல்லாம் நினைக்காதீங்க அண்ணாச்சி. கோர்ட்டு இப்படிச் சொல்லிட்டு. நம்ம கையில என்ன இருக்கு? மனசுல எதையும் வச்சுக்கிடாதீங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். முகமே மாறிவிட்டது. “நானும் அதத்தான்வே சொல்ல நினைச்சேன். நீரு வந்து சொல்லுதீரு பாரும், பெரிய மனசுவே உமக்கு. கோர்ட்டு சொன்னபடி நடந்துக்கிட்டா ரெண்டு பேருக்கும் மரியாதை.”

“அதுக்குத்தான் அண்ணாச்சி நேர்லயே வந்தேன்.”

“உக்காரும். காப்பி குடிச்சிட்டுப் போவும்.”

குடித்தேன். இரண்டு பேரும் பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம். வாசல்வரைக்கும் வந்து வழியனுப்பினார். இருபத்தாறு வருஷத்தில் எவ்வளவோ சமாதானச் செய்தி கட்டியிருக்கிறேன், அவ்வளவு அழகான ஒன்றை நான் படித்ததில்லை.

பின்னாலே வாங்க, இந்தத் திண்டில் உட்காருங்க, இதைப் பாருங்க. குழாய். வீட்டுக்குள்ளேயே. தெருவில் இத்தனை வீட்டில் நாலு வீட்டுக்குத்தான் உண்டு. இது அந்த அல்வாவுக்கு அடுத்த மாசம் போட்டது. உலகம்மாள் சீட்டுப் பணம் வைத்திருந்தாள். தீர்ப்பு என்று கேள்விப்பட்ட நாளில் இருந்து, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று ஒதுக்கி ஒதுக்கி, அண்ணாச்சி கையில் முதல் தவணையாகக் கொடுக்க என்று சேர்த்தது. கடன்தான் இல்லையே, அதை எதற்குச் சும்மா வைத்திருக்க? நான்தான் சொன்னேன், ‘இருபது வருஷமாத் தெருக்குழாயில நிக்கே. இனி நிக்க வேண்டாம்.’ அவளுக்காகத்தான் சார் போட்டேன். அவள் வேண்டாம் என்றாள். ‘கொஞ்சம் பொறுங்க, வக்கீல ஒரு எட்டுப் பாத்துட்டு வாங்க’ என்றாள். பெண்களுக்கு ஒரு பயம் இருக்கும்.

நன்றாகத்தான் இருந்தோம், ஆறு மாசம். நல்ல தூக்கம். ஒழுகாத தளம், உள்ளே தண்ணீர், கடன் இல்லை. ஒரு மனுஷனுக்கு வேறு என்ன? அந்த ஆறு மாசம் நிஜம்தானே? அதை யாரும் ஏலம் விட முடியாது.

பிறகு ஒரு நாள் தூக்கத்தில் தமுக்குச் சத்தம்.

முதலில் கனவு என்று நினைத்தேன். டம் டம் டம் என்று பக்கத்தில் வருகிறது. சத்தம் நம் வாசலில் வந்து நின்றுவிட்டது. நிற்கிறது, ஆனால் ஓயவில்லை. எனக்கு வந்த கோபத்தில் வேட்டியை இறுக்கிக்கொண்டு கதவைத் திறந்தேன். ஒரு ஆள் தமுக்கு அடிக்கிறான், பக்கத்தில் அமீனா கையில் காகிதமும் பசைவாளியும். தெருவே கூடியிருக்கிறது.

“நைட் டூட்டி பாக்கிறவன் தூங்குதான், போர்டு தெரியலையா? தட்டக்கூடாதுன்னு எழுதியிருக்குல்லா?” என்று கத்தினேன்.

அமீனா நிதானமாகப் போர்டைப் படித்தார். “தட்டலையே பெரியவரே. அடிக்கத்தான செய்யுதோம்” என்றார்.

தெரு சிரித்தது. பிறகு அவர் காகிதத்தைப் பார்த்து உரக்க வாசித்தார். சகலமான பேருக்கும் அறிவிக்கிறது என்னவென்றால், இன்ன எண்ணுள்ள வீடு, இன்ன தீர்ப்பு டிக்ரிக்காக, கோர்ட்டால் ஜப்தி செய்யப்பட்டிருக்கிறது. பலவேசம் இதை விற்கக் கூடாது, எவரும் வாங்கக் கூடாது.

“தப்பான வீட்டுக்கு வந்துட்டீங்க. இந்தக் கடன் தள்ளுபடி ஆயிட்டு” என்றேன்.

“எப்ப?”

தேதி சொன்னேன். அமீனா கட்டைப் புரட்டினார். ஒரு தாளில் விரலை வைத்து என்னிடம் நீட்டினார். ‘மனு தள்ளுபடி.’ நல்ல தெளிவான எழுத்து. பிழை ஒன்றும் இல்லை.

நான் அதைப் படித்துக்கொண்டே நின்றேன். இரண்டே வார்த்தை, எவ்வளவு நேரம் படிக்க முடியும்? படித்துக்கொண்டே நின்றேன். உலகம்மாள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றவள், ‘நான் சொன்னேன்லா’ என்று சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சொல்லவில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான், அதுவும் அமீனாவிடம்: “குடிக்கத் தண்ணி தரட்டுமாய்யா?”

அன்றைக்குச் சாயங்காலமே வக்கீல் ஆபீஸுக்கு ஓடினேன். சங்கரபாண்டி தலையில் அடித்துக்கொண்டார். “அன்னைக்கே சாயங்காலம் வாரும்னு சொன்னேன்லாவே? அப்பீலுக்கு முப்பது நாள் இருந்துது. பெருச்சாளி மாதிரி ஆறு மாசம் எங்கவே போனீரு?”

“நீரு ‘மனு’ன்னு ஒரு வார்த்தை சேத்துச் சொல்லியிருக்கக் கூடாதா?”

“மனுவத்தானவே கோர்ட்டுல கூப்பிட்டாவ! வேற எதத் தள்ளுவாவ?”

நியாயமா சார் இது? ஒரு வார்த்தை. ‘மனு.’ இரண்டு எழுத்து. வாயில் பேனா இருந்ததால் விழுங்கிவிட்டார். அந்த இரண்டு எழுத்தில் என் வீடு இருந்தது.

அண்ணாச்சியிடமும் போனேன். “அல்வாவைத் தின்னீங்களே, காப்பி குடுத்தீங்களே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா” என்று கேட்டேன். அவருக்கு முதலில் விளங்கவே இல்லை. விளங்கினபோது கல்லாவில் கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“அட பாவி மனுஷா. தோத்த அன்னைக்கே ஒருத்தன் அல்வாவோட வாரானேன்னு நான் வீட்டுல சொல்லிச் சொல்லி மாஞ்சு போனேன்வே. பணத்துக்கு ஏற்பாடு பண்ணிட்டுதான் வந்திருக்காரு, நெருக்கக் கூடாதுன்னு ஆறு மாசம் வாயத் தொறக்கலையே நான். நீரு வீட்டுக்குள்ள குழாய் போட்டிருக்கீருன்னு கேட்டப்பொறவுதான்வே எனக்கு வயிறு எரிஞ்சுது.”

“இன்னும் கொஞ்சம் டயம்...”

“இனிமே என் கையில இல்ல பலவேசம். வட்டி, செலவு எல்லாம் சேந்து எங்கயோ போயிட்டு. எனக்கும் ஒருத்தன் வாசல்ல நிக்கான்.”

அவரைக் குறை சொல்லவில்லை. சொல்கிறேன், ஆனாலும் சொல்லவில்லை.

ஏல அறிவிப்பு வந்த பேப்பரைக் கட்டினதும் நான்தான். மிஷினில் இருந்து சூடாக வந்தது. மூன்றாம் பக்கத்தைப் புரட்டினேன், இருந்தது. நான்கெல்லை எல்லாம் போட்டிருந்தார்கள்: வடக்கே பாதை, கிழக்கே இன்னார் வீடு. என் வீட்டை அவ்வளவு ஒழுங்காக யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. நம் தெருவுக்கு வருகிற கட்டை மட்டும் ஒதுக்கிவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. ஒதுக்கவில்லை. எண்ணிப் பார்த்துக் கட்டினேன். ஒரு பேப்பர் குறைந்தது, அதையும் எடுத்துப் போட்டேன். தொழில் அப்படிப் பழக்கிவிட்டது.

வீட்டுக்கு வந்து உலகம்மாளுக்கு வாசித்துக் காட்டினேன். ‘சரி’ என்றாள். இப்போதெல்லாம் நான் எதை வாசித்துக் காட்டினாலும் ‘சரி’தான். அப்புறம் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு போய் எதிர்வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்து இன்னொரு தடவை வாசிக்கச் சொல்கிறாள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை சார் அது. ‘ஜப்தி’யை எழுத்துக் கூட்டி வாசிக்கும்.

வேறு என்ன தெரிய வேண்டும் உங்களுக்கு? வாசல் வடக்கு பார்த்தது. வெயில் நேரே அடிக்காது. கிழக்கு ஜன்னல் கொக்கி மழையில் இறுகும், தேங்காய் எண்ணெய் போட்டால் போதும். தோஷம் கிடையாது. நல்ல வீடுதான், எடுக்கலாம். வருகிற பதினேழாம் தேதி ஏலம், பத்தரை மணிக்கு. எல்லாமே அந்தப் பத்தரை மணிக்குத்தான் வைப்பார்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. உலகம்மாள் உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னாள். வந்த மூன்று பேரிடமும் கேட்கச் சொன்னாள். ‘நீங்கதான் வார்த்தை தெரிஞ்சவுக, நீங்க கேளுங்க’ என்றாள். குத்திச் சொன்னாளா, நிஜமாகவே சொன்னாளா என்று இன்றைக்குவரைக்கும் எனக்குத் தெரியவில்லை. முதலில் வந்தவர் செல்போனில் பேசிக்கொண்டே இருந்தார், அவரிடம் கேட்க முடியவில்லை. இரண்டாவது ஆளிடம் தொடங்கினேன், ‘நீங்கள் வீட்டை எடுத்தபிறகு’ என்று. அதற்குமேல் வாய் வரவில்லை. ‘வீடு வாடகைக்கு’ என்று வரி விளம்பரம் தினமும் நாற்பது வரும் சார், நாற்பதையும் படிக்கிறவன் நான். அதே வார்த்தைதான். இந்த வீட்டுக்குள் நின்றுகொண்டு, இந்த வீட்டுக்கே அதைச் சொல்லவேண்டும் என்றால்...

நீங்கள் இங்கே குடிவரப் போகிறீர்களா, இல்லை சும்மா முதலீட்டுக்கா? இல்லை, பொதுவாகக் கேட்டேன்.

கொஞ்சம் இருங்க. கேட்கிறதா? புஸ்ஸென்று ஒரு சத்தம். குழாயில் காற்று வருகிறது. காற்று வந்தால் இரண்டு நிமிஷத்தில் தண்ணீர் வந்துவிடும். ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் திறந்துவிடுவார்கள், முக்கால் மணி நேரம். நீங்கள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியது.

உள்ளே கத்திரி நின்றுவிட்டது பாருங்க.

“கேட்டியளா?”

கேட்கிறாள், கேட்டீர்களா. ‘கேக்கேன், கேக்கேன். தண்ணி வந்துட்டு உலகு.’

நீங்கள் உட்காருங்க சார், எழுந்திருக்க வேண்டாம். அந்த மூலையில் இருக்கிற குடத்தை மட்டும் இப்படித் தள்ளிவிடுங்க. முதல் குடம் செங்கலங்கலாகத்தான் வரும், இரும்புக் குழாய், துரு. அதைக் குடிக்க வைக்கக் கூடாது. பின்னால் முருங்கை நிற்கிறது, அதற்கு ஊற்றிவிடவேண்டும். குடத்தைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் சத்தம் வராது. இப்படி.

இதை ஊற்றிவிட்டு வருகிறேன்.